பெரிய துரை மறைத்து வைத்த பதின்மூன்று பேர்

இந்தத் தொடரை வாசிக்கும் என் பழைய சிநேகிதி ஒருத்தி கடிதம் போட்டிருக்கிறாள். "நீ கொம்பியூட்டர் வேலை பார்த்தவள்தானே, அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறாய்" என்று குறைப்பட்டிருக்கிறாள். அவளுக்காக இந்த வாரம். விளங்காத இடம் வந்தால் தாராளமாகத் தாண்டிப் போகலாம். அந்த வேலையைப் பார்த்த காலத்தில் நானும் அப்படித்தான் பல இடங்களைத் தாண்டினேன்.

காலை ஒன்பது மணியிருக்கும். கண்டி கட்டுக்கலையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மரப்படிகள் தடதடவென்று அதிர்ந்தன. ஏறி வந்தவர் டவுன் லொட்ஜில் சமைக்கிற கோக்கி முத்தையா. ஒரு கையில் வெறும் இடியப்பத் தட்டுகள், மற்றக் கையில் எங்கள் புரோகிராம் அச்சடித்த தாள். இடுப்பில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், தேங்காய்ப்பால் வாசனையோடு வந்து நின்றார்.

"இங்க யாரும்மா கொம்பியூட்டருக்குப் பொறுப்பு?"

"நான்தான். என்னாச்சு அண்ணே?"

"இந்தத் தாள்ல ஒம்போது பேருன்னு போட்டிருக்கு. நேத்து வந்த புது மெனேஜரு, தாளப் பாத்துதான் ஆக்கணும்னு சட்டம் போட்டுட்டாரு. சரின்னு ஒம்போது பேருக்கு அவிச்சேன். இருவத்திரண்டு பேரு வந்து உக்காந்துட்டாங்க. மிச்சம் பதிமூணும் பேயா? பேயின்னா எதுக்கு சொதி கேக்குது?"

அதுவரை அவர் எப்படிக் கணக்குப் பார்த்தார் என்று கேட்டேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சாவி மாட்டும் கொழுக்கிகள் இருக்கும். எந்தக் கொழுக்கி வெறுமையாக இருக்கிறதோ அந்த அறையில் ஆள். அவ்வளவுதான் அவருடைய முறை.

"ஒரு நாளு தப்புனதில்ல. நீங்க படிச்சவங்க வந்து தப்ப வச்சிட்டீங்க" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பெயர். எல்லாம் சிங்களப் பெயரும் முஸ்லிம் பெயரும். என் எதிர் மேசையில் இருந்த தயாபரன் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் அதே லொட்ஜில் பதினான்காம் அறையில் மூன்று வருடமாகக் குடியிருப்பவர்.

"கோமதி, என்னைக் காணேல்லை" என்றார் மெதுவாக.

இரண்டு துரையும் ஒரு கங்காணியும்

கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் முதலாளி ஃபாரூக் நானா. ஊர் கலகெதர. கீழே துணிக்கடை, மேலே நாங்கள். கொம்பியூட்டரில் எதிர்காலம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி எங்கள் இரண்டு பேரையும் வேலைக்கு வைத்தவர். எங்களுக்குக் கிடைத்த பெரிய வாடிக்கையாளர் ஒரு லொட்ஜ் சொந்தக்காரர். கண்டி டவுனில் ஒன்று, கடுகண்ணாவையில் ஒன்று, கலகெதரவில் ஒன்று என்று அவருக்கு மூன்று லொட்ஜ். மூன்றுக்கும் மூன்று காலத்தில், மூன்று பேருடைய பேச்சைக் கேட்டுக் கணினி வாங்கியிருந்தார். ஆகவே மூன்று இடத்திலும் மூன்று விதமான தரவுத்தளம்.

தரவுத்தளம் என்றால் பெயர், அறை, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் போட்டு வைக்கிற அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலுமாரியிடம் பேசுகிற மொழிக்குப் பெயர் எஸ்.கியூ.எல். உலகம் முழுக்க அது ஒரே மொழி என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தை எழுதியவர் கண்டியில் மூன்று லொட்ஜுக்கு வேலை பார்த்திருக்க மாட்டார்.

டவுன் லொட்ஜில் இருந்தது விலை கூடியது. சொந்தக்காரரின் மருமகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. அதற்கு நான் பெரிய துரை என்று பெயர் வைத்தேன். கடுகண்ணாவையில் இருந்தது சின்ன துரை. கலகெதரவில் இருந்தது இலவசமாகக் கிடைத்தது, சொன்ன வேலையை முணுமுணுக்காமல் செய்வது. அது கங்காணி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு வேறு என்ன பெயர் வாயில் வரும்?

முதல் பத்துப் பெயரை மட்டும் தா என்று கேட்க வேண்டும் என்று வையுங்கள். சின்ன துரைக்கு வாக்கியத்தின் தலையிலேயே 'டொப்' என்று சொல்ல வேண்டும். கங்காணிக்குக் கடைசியில் 'லிமிட்' என்று சொன்னால் போதும். பெரிய துரைக்கு இரண்டும் ஆகாது. வரிசைகளுக்கு இலக்கம் போட்டு, அதை இன்னொரு கேள்விக்குள் சுற்றிப் பணிவாக நீட்ட வேண்டும். திகதி கேட்பதிலும் ஆளுக்கொரு விதம், எழுத்துகளை ஒட்டுவதிலும் ஆளுக்கொரு விதம்.

ஒரே கேள்வியை மூன்று தரம் எழுதி அலுத்துப்போய் நான் ஒரு நூலகம் எழுதினேன். புத்தகம் அடுக்குகிற நூலகம் இல்லை. மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டு வேலை வாங்குவதற்காக முன்கூட்டியே எழுதி வைக்கிற நிரல்கள். கேள்வியை ஒரு தரம் பொதுவாகச் சொன்னால் போதும், எந்த அலுமாரி என்று பார்த்து அதற்கு ஏற்ற எஸ்.கியூ.எல்லை அதுவே எழுதிக்கொள்ளும். அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். துரையிடம் ஒரு மாதிரியும் கங்காணியிடம் ஒரு மாதிரியும் பேசி ஒரே வேலையை முடிப்பவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைதானே.

ஃபாரூக் நானாவிடம் பெருமையோடு காட்டினேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"மிச்சம் நல்லம் மகள். ஆனா இது எங்க ஈக்கி? கையில எடுத்துக் காட்டேலாதா?"

துணியைத் தடவிப் பார்த்தே விலை சொல்கிற மனிதருக்கு இதை எப்படிக் காட்டுவது? கடைசியில் நிரலைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கி, இரண்டு விரலால் தடவிப் பார்த்து, சந்தோசமாக மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறு கிழமைச் சுகம்

யுத்தம் நடந்த அந்த நாட்களில் லொட்ஜ்காரர் எல்லோரும் அன்றன்று தங்குகிறவர்களின் பட்டியலைப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் புரோகிராம் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பட்டியலை அச்சடிக்கும். வரவேற்பில் இருப்பவர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டு அனுப்புவார். விடியற்காலை அதே கேள்வியைக் கேட்டுச் சமையலறைக்கும் ஒரு தாள் அடிக்கும். ஒரே கேள்வியை இரண்டு இடத்துக்குப் பயன்படுத்தியது என் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் இல்லாவிட்டால் முத்தையா படியேறி வந்திருக்க மாட்டார்.

தயா அண்ணன் யாழ்ப்பாணத்தவர். அவருக்குக் கண்டியில் யாரும் வீடு வாடகைக்குத் தரவில்லை. விலாசத்தைக் கேட்ட உடனே வீட்டுக்காரருக்கு மகனோ மருமகனோ அந்த அறைக்கு வரப்போவதாக ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் லொட்ஜ். வடக்கு விலாசம் பட்டியலில் இருந்தால் கொன்ஸ்தாபிள் மாலையில் வந்து கதவைத் தட்டுவார். புதிதாக வந்தவர் என்றால் பொலிசில் மணிக்கணக்காக உட்கார வேண்டும். சிலர் காலையிலும் திரும்பி வருவதில்லை.

தயா அண்ணனைக் காப்பாற்றியது பொலிசில் இருந்த மூன்று வருடப் பதிவுதான். மாதா மாதம் 'இவர் என் ஊழியர்' என்று ஃபாரூக் நானா தரும் கடிதம், கொன்ஸ்தாபிள் வரும்போது அதன்மேல் விழும் பொலிஸ் முத்திரை. அந்தக் கடிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பழைய ஆள் என்பதால் அவரை எப்போதும் பத்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். ஆனாலும் கதவு தட்டுப்படும். முழுக்கைச் சட்டையைக் கதிரையில் தயாராகத் தொங்கவிட்டுத்தான் படுப்பார்.

டவுன் லொட்ஜில் எங்கள் புரோகிராமைப் பொருத்திய பிறகு ஆறு கிழமையாக, அதாவது ஒன்றரை மாதமாக, கதவு தட்டுப்படவே இல்லை.

மனிதர் ஆளே மாறிப்போனார். கன்னம் வைத்தது. பாட்டு முணுமுணுத்தார். என் தலைமுடியைப் பார்த்து "உதென்ன, கொம்பியூட்டர் வயரே?" என்று பகிடி விட்டார். மூன்று வருடமாக என்னிடம் நிரல் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசாதவர். நான் பதிலுக்குத் திட்டினேன், ஆனால் மறுநாளும் அதே மாதிரித்தான் தலைமுடியை விட்டுக்கொண்டு போனேன். நாட்டு நிலைமை திருந்துகிறது என்று நினைத்தோம். ஃபாரூக் நானாவோ தான் எழுதும் கடிதத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நிலைமையும் திருந்தவில்லை, கடிதத்துக்கும் மகிமை இல்லை. பெரிய துரை ஆட்களை ஒளித்து வைத்திருக்கிறார்.

வெறுமை என்றால் என்ன?

முத்தையாவுக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிட்டு, நானும் தயா அண்ணனும் நிரலைப் பிரித்தோம். பகல் சாப்பாட்டுக்குள் பிழையைப் பிடித்துவிட்டோம்.

டவுன் லொட்ஜ் வரவேற்பில் ஒரு பழக்கம் இருந்தது. அறை பதிந்துவிட்டு வராமல் போனவரின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'கென்சல்' என்று அடித்து விடுவார்கள். அப்படி அடிக்க நாங்கள் வேறு கட்டம் வைத்துக் கொடுக்கவில்லை. ஆகவே என் கேள்வி இப்படி இருந்தது: குடும்பப் பெயர் 'கென்சல்' அல்லாத எல்லோரையும் தா.

சிங்களவருக்குக் குடும்பப் பெயர் இருக்கும். முஸ்லிம்களுக்கும் இரண்டாவது ஒரு பெயர் இருக்கும். தமிழருக்கு? இனிஷலையும் பெயரையும் சேர்த்து முதல் கட்டத்தில் அடித்துவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

கங்காணியிடம் கேட்டால், வெறுமை என்பது 'கென்சல்' இல்லை, ஆகவே ஆள் உண்டு என்று தந்துவிடும். பெரிய துரையின் சட்டம் வேறு. அவருக்கு வெறுமை என்றால் 'தெரியாது'. தெரியாத ஒன்று 'கென்சல்' இல்லை என்று அவர் எப்படி உறுதி சொல்வார்? உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டார். கணக்கப்பிள்ளை சொல்லையெல்லாம் சரியாக மாற்றித்தான் கொடுத்தது. அந்த வெறுமையை மாற்ற வேண்டும் என்று அதற்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பரீட்சை பார்த்தோமே அண்ணன். அப்ப எல்லாம் சரியா வந்துச்சே?" என்றேன்.

தயா அண்ணன் பழைய பரீட்சைக் கோப்பைத் திறந்தார். நாங்கள் சும்மா அடித்து வைத்த நாற்பது பொய்ப் பெயர்கள். பண்டார, ஹேரத், ரத்நாயக்க, மொஹமட். நாற்பதில் ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் இல்லை. இருபதை அவர் அடித்தார், இருபதை நான் அடித்தேன். ஒருவரோடொருவர் பேசி வைக்கவில்லை.

பொலிசுக்குப் போகிற பட்டியலில் பொய்க்குக்கூட ஒரு தமிழ்ப் பெயரை அடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் விரல் போகவில்லை.

அப்பாவும் காகிதமும்

என் அப்பா தோட்டத்தை விட்டு இறங்கிக் கொஞ்சக் காலம் கடுகண்ணாவையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். இனக்கலவரத்தின்போது கடைக்கு வந்தவர்களின் கையில் தடி இருந்ததைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. ஒருவன் கையில் காகிதம் இருந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். காகிதத்தைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, பிறகுதான் கொளுத்தினார்களாம்.

அதற்குப் பிறகு அப்பா எதிலும் பெயர் எழுத விடமாட்டார். கோயில் நன்கொடைச் சீட்டில்கூட 'ஓர் அன்பர்' என்றுதான் போடச் சொல்வார். நான் அவரைக் கேலி செய்வேன். அப்படிக் கேலி செய்தவள்தான் இருபது பொய்ப் பெயரில் ஒரு முனியாண்டியைக்கூட அடிக்கப் பயந்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரே நாளிலா?

ஃபாரூக் நானாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப இத திருத்தாம உட்டா என்ன? ஆக்கள் நிம்மதியாத்தானே ஈக்கிறாங்க. முத்தையாட குசினித் தாள மட்டும் திருத்துங்க. மத்தத நான் காணவுமில்ல, கேக்கவுமில்ல."

சத்தியமாக எனக்கும் அதுதான் ஆசை. ஒரு வரியைத் தொடாமல் விட்டால் போதும். தயா அண்ணன்தான் தலையாட்டினார்.

"ஒரு நாளைக்குக் கண்டுபிடிப்பாங்கள் நானா. வடக்கு ஆக்களைப் பட்டியலிலை மறைச்ச புரோகிராம். எழுதினவன் ஆர் எண்டு கேட்பாங்கள். ஒரு யாழ்ப்பாணத்தான். வெறுமை எண்டால் பெரிய துரைக்குத் தெரியாது எண்டு நான் அங்கை விளங்கப்படுத்தவோ?"

அவரை அங்கே தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேட்டிருந்தாலும் அந்த விளக்கத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கொம்பியூட்டர் தப்புச் செய்யும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. நூலகத்தை எழுதியது நான், ஆனால் பிடித்துக்கொண்டு போவது அவரை.

நிரலைத் திருத்தினேன். பெரிய துரையிடம் 'அல்லாத' என்று எப்போது கேட்டாலும், 'வெறுமையாக இருந்தாலும் தா' என்று கணக்கப்பிள்ளை கூடவே சேர்த்துக்கொள்ளும். அது இரண்டு வரி வேலை. பரீட்சைக்காகக் கோமதி என்று என் பெயரை அடித்தேன். குடும்பப் பெயரை வெறுமையாக விட்டேன். பட்டியலில் வந்தேன். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஃபாரூக் நானா ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

"நேத்து வரைக்கும் ஒருத்தருமில்ல. இண்டைக்கு அஞ்சு மணிக்குப் பதிமூணு பேரும் ஒண்டா வந்தா, பொலிஸ் என்ன நெனைக்கும்? பஸ் புடிச்சு வந்தாங்கண்டா?"

பிழையைவிடத் திருத்தம் ஆபத்தாகிவிட்டது.

ஆகவே நான் இன்னொரு வேலை செய்தேன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தராத வேலை. பதின்மூன்று பேரையும் சிறுகச் சிறுக வரச் செய்ய, அன்றன்றைக்குப் பட்டியலில் காட்டவேண்டிய அறைகளை எழுதி வைத்து நிரலில் ஒரு வரி போட்டேன். தயா அண்ணனைத் தவிர மற்றப் பன்னிரண்டு பேரும் வந்து சில நாளே ஆனவர்கள். ஆசுபத்திரிக்கு வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் வீதம் வந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கப் போவதில்லை. சமையலறைத் தாளில் மட்டும் உடனேயே இருபத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

"முதல்ல யாரப் போடுறது?" என்றேன்.

"என்னை" என்றார் தயா அண்ணன்.

"உங்கள கடைசியாப் போடுறேன்."

"விசர்க்கதை கதையாதை. கொன்ஸ்தாபிள் என்னை டவுனிலை தினமும் காணுறவர். பிழையாய்ப் போனால் என்னோடை போகட்டும்."

ஐந்து மணிக்கு முன் லொட்ஜுக்குப் போய், பதினான்காம் அறையை நான்தான் பட்டியலுக்கு விடுவித்தேன். பிரிண்டர் கீறிக் கீறிப் பத்தாவது வரியில் அவர் பெயரை அடித்தது. யாரோ பட்டியல் போடுகிறார்கள் என்று காலமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவள், அன்று யாருடைய கதவு முதலில் தட்டப்பட வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அதைப்போல வெட்கப்பட்ட நாள் எனக்கு வேறு இல்லை.

வந்த திகதி

தயா அண்ணனை லொட்ஜில் விட்டு நான் அலுவலகம் திரும்பியிருந்தேன். ஐந்தரைக்குக் கொன்ஸ்தாபிள் அங்கே வந்தார். தயா அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையையும் எடுத்துக்கொண்டு அவரோடு போனார். லொட்ஜிலிருந்து முத்தையா தொலைபேசியில் சொன்னார். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றேன்.

பத்து நிமிடம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. ஃபாரூக் நானா தொழுதுவிட்டு வந்து, கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு என்னோடு உட்கார்ந்தார். ஒரே சீத்தைத் துணியை நாலு தரம் மடித்தார். எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்து, அவர் ஐந்தாவது தரமும் அதை விரித்து மடித்தார்.

ஏழு மணியாகும்போது தயா அண்ணன் பாதிக் கதவுக்குக் கீழால் குனிந்து வந்தார். உறை கையில் இருந்தது. அடி ஒன்றும் விழவில்லை.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"ஆறு கிழமை எங்கை போனனீர் எண்டு கேட்டவை. இங்கைதான் இருந்தனான் எண்டு சொன்னன். பட்டியலிலை பேர் இல்லையே எண்டினம். அது உண்மைதானே."

பட்டியலில் இல்லாத ஆள் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று அவருடைய பதிவை எப்போதோ வெட்டிவிட்டார்களாம். மூன்று வருடக் கடிதங்களையும் மேசையில் பரப்பிக் காட்டியிருக்கிறார். வெட்டிய பதிவுக்கு அவை பழைய காகிதம். புதிதாக ஒரு படிவம் நிரப்பினார்கள். கண்டிக்கு வந்த திகதி என்ற இடத்தில் அன்றைய திகதியை எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் விடப்படுகிற பழைய ஆள் இனி அவர் இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறு கிழமை நித்திரைக்கு மூன்று வருடத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என்னால்தான். ஃபாரூக் நானா "நாளைக்குக் காலையில புதுக் கடிதம் எழுதுவோம் மகன்" என்றார்.

தயா அண்ணன் உறையை மேசையில் வைத்தார். கையால் தலையை வாரிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்கிற குரலில் சொன்னார்:

"தங்கச்சி, நான் இந்த ஊருக்குப் புதுசு. வந்து ஒரு மணித்தியாலம்தான் ஆகுது. இங்கை ஒரு பெரிய குளம் இருக்காம். எந்தப் பக்கம்?"

ஃபாரூக் நானா கதவை முழுதாகத் தூக்கிவிட்டார்.

"கூட்டிப் போய்க் காட்டுங்க மகள், கடைய நான் பூட்டுறேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "வாங்க, காட்டுறேன். ஆனா தங்கச்சின்னு இன்னொரு தரம் கூப்பிட்டா, பட்டியல்ல உங்க அறையக் காட்டாம விட்டுடுவேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை.